உயரம் குறைந்த டிஃபென்ஸ் வீரர் உச்சத்துக்கு வந்து நிலைக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, நவம்பர் மாதத்தில் பிறந்தவர். ஆறு வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி விளையாடுகிறார், எட்டு வயதிலிருந்து டிஃபென்ஸ் (பின்கள) நிலையில் மட்டும்தான் ஆடுகிறார். உயரம் 5 அடி 1 அங்குலம், நிறை 96 பவுண்ட். இந்த ஆண்டு 15 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு வந்ததும் உடல்மோதல் ஆட்டம் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை தோளில் அடிபட்டது, ஒருமுறை தொடையிடுக்குத் தசை பிடித்துக்கொண்டது. இந்த உயரத்தோடு டிஃபென்ஸில் நீடிக்க முடியாது, முன்கள வீரராக மாறட்டும் என்கிறார் பயிற்றுநர். என் கணவர் 5 அடி 7 அங்குலம், நான் 5 அடி 2. வளர்ச்சி ஊசி போடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மகனோ ஜிம்முக்குப் போய் நிறையைக் கூட்டப் போகிறேன் என்கிறார். குவின் ஹியூஸின் படத்தை அறையில் ஒட்டி வைத்திருக்கிறார். இவ்வளவு சிறிய உடலோடு ஒருவர் பெரிய டிஃபென்ஸ் வீரராக வந்து நீண்டகாலம் நிலைக்க முடியுமா? அல்லது பிள்ளையின் உடலைப் பாழாக்குகிறோமா?

— ஒரு தாய், மார்க்கம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. உயரம் குறைந்த டிஃபென்ஸ் வீரர் உச்சத்துக்கு வர முடியுமா என்பது ஒன்று. வந்த பிறகு அவருடைய உடல் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாங்குமா என்பது மற்றது. பயிற்றுநர்களும் பெற்றோரும் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் வாதிடுகிறார்கள். இளையோர் ஹொக்கி வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்ற முறையில் எனக்கு இரண்டாவது கேள்வியே முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் முதலாவதற்கு விளையாட்டு வரலாறே விடை சொல்லிவிட்டது.

உங்கள் மகன் படமாக ஒட்டி வைத்திருக்கும் குவின் ஹியூஸ் 5 அடி 10 அங்குலம் உயரமும் ஏறத்தாழ 180 பவுண்ட் நிறையும் கொண்டவர். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான தேசிய ஹொக்கி லீக்கில் (NHL) ஒரு டிஃபென்ஸ் வீரரின் வழக்கமான அளவு 6 அடி 1 அங்குலத்தையும் 200 பவுண்டையும் ஒட்டியது என்பதால் அங்கே அவர் சிறியவர்தான். அவர் 2023–24 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடி 92 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும்) எடுத்து, சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நோரிஸ் கிண்ணத்தை வென்றார். அவரைவிடவும் சிறியவரான லேன் ஹட்சனை, அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தெரிவில் (டிராஃப்ட்), 2022 இல் 61 பேருக்குப் பிறகே மொன்றியல் அணி எடுத்தது. அவர் 2024–25 இல் முதற்பருவத்திலேயே 66 புள்ளிகளோடு சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கிண்ணத்தைப் பெற்றார். இது இந்தத் தலைமுறையில் மட்டும் நடப்பதுமன்று. 5 அடி 10 அங்குல உயரமுள்ள பில் ஹவுஸ்லி, மோதலும் இழுபறியும் இன்றைவிடக் கடுமையாக இருந்த 1982 இல் ஆடத் தொடங்கி 1,495 ஆட்டங்கள் ஆடினார். அதே உயரமுள்ள பின்லாந்து வீரர் கிம்மோ திமோனன் 1993 தெரிவில் 250 ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். அவர் ஆடியவை 1,108 ஆட்டங்கள்.

அப்படியிருந்தும் பயிற்றுநர்களிடம் அந்தப் பழைய எண்ணம் நீடிப்பதற்குக் காரணம் உண்டு. 2004–05 பருவம் முழுவதும் லீக் முடங்கி மீண்டும் தொடங்கியபோது, மட்டையால் கொளுவி இழுப்பதையும் பக் (ஆட்டத்தில் அடிக்கப்படும் வட்டத்தட்டு) இல்லாத வீரரை மறித்து நிற்பதையும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டி நீளமாகப் பக்கை அனுப்பக் கூடாது என்ற தடையும் நீங்கியது. அதுவரை கோல் முன்னால் நின்று ஆட்களைத் தள்ளுவதும் களத்தைச் சுற்றியுள்ள சுவரோடு நசுக்குவதுமே டிஃபென்ஸ் வீரரின் முதல் வேலையாக எண்ணப்பட்டது. அதன் பிறகு, பக்கை விரைவாக எடுத்துச் சரியான முதற்பாஸ் கொடுத்து அணியைத் தன் எல்லைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவருபவருக்கு மதிப்புக் கூடியது. பக்கவாட்டிலிருந்தோ பார்வைக்கு மறைவாகவோ வந்து தலையை இலக்குவைக்கும் மோதல்களுக்கு எதிரான விதி 2010 இல் வந்தது. இவையெல்லாம் சிறிய வீரருக்குக் கதவைத் திறந்தவை. ஆனால் அதே 2005 இல் வந்த இன்னொரு விதி, கோல் காப்பாளர் கோலுக்குப் பின்புற மூலைகளில் பக்கைத் தொடக் கூடாது என்று சொல்லி, அந்த மூலைக்கு ஓடும் வேலையை டிஃபென்ஸ் வீரரின் தலையில் ஏற்றியது. இதைப் பற்றிக் கீழே மீண்டும் எழுதுகிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. மேலே சொன்ன பெயர்களை மட்டும் உங்களுக்குக் காட்டிவிட்டு நிறுத்தினால் நான் நேர்மையாக நடந்தவனாக மாட்டேன். பிரையன் ரஃபால்ஸ்கி என்ற 5 அடி 10 அங்குல வீரரை எந்த அணியும் தெரிவில் எடுக்கவில்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் ஆடிவிட்டு 26 வயதில் நியூ ஜேர்சி அணிக்கு வந்து, அங்கும் பின்னர் டிட்ரொயிட்டிலுமாக, லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை மூன்று முறை வென்றார். ஆனால் முழங்காலும் முதுகும் ஒத்துழைக்காததால் 2011 இல், ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மீதமிருக்கையில், 833 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். 5 அடி 9 அங்குல டோரி குரூக்கும் தெரிவில் எடுக்கப்படாதவர்தான். பொஸ்டனிலும் சென் லூயிஸிலும் உயர்ந்த நிலையில் ஆடிய அவர், முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவின் தொடர்ச்சியாக இடது கணுக்கால் மூட்டுத் தேயத் தொடங்கியதால் 2024–25 பருவம் முழுவதையும் இழந்தார். இன்னொரு சிறிய டிஃபென்ஸ் வீரரான ரயன் எலிஸால், இடுப்புக்கூட்டுக் காயம் காரணமாக, பிலடெல்பியா அணிக்காக நான்கே நான்கு ஆட்டங்கள் ஆட முடிந்தது. மினசோட்டா அணியின் தலைவரான 5 அடி 9 அங்குல ஜாரெட் ஸ்பர்ஜன் 2023–24 இல் 16 ஆட்டங்களோடு நின்று, இடுப்பிலும் முதுகிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அடுத்த பருவத்தில் மீண்டு வந்து 900 ஆட்டங்களைக் கடந்தார் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள். முழங்கால், முதுகு, கணுக்கால், இடுப்பு. பெரிய உடம்பு ஒன்று வந்து மோதி ஒரே நொடியில் முடித்துவைத்த கதை இதில் இல்லை. அப்படியான மோதல்கள் நடக்காமல் இல்லை. கொலராடோவின் சாமுவேல் ஜிரார்டுக்கு 2022 இல் ஸ்டான்லி கிண்ணத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களின்போது ஒரே மோதலில் மார்பெலும்பு உடைந்தது. ஆனால் அவர் அடுத்த பருவத்தில் திரும்பி வந்தார். உடைந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடும், தேய்ந்த மூட்டு கூடுவதில்லை. பெரிய உடல்கொண்ட வீரர்களுக்கும் இதே மூட்டுகள்தான் தேய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் என் சிகிச்சை அனுபவத்தில், சிறிய வீரர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் உடலிடம் அதிகமாகக் கேட்கிறார். நீண்ட கையும் நீண்ட மட்டையும் எட்டிப் பிடிக்கும் தூரத்தை அவர் இன்னும் இரண்டு எட்டு வைத்து அடைய வேண்டியிருக்கிறது. கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. பாரமான ஒருவரைச் சுவரோடு நிறுத்திவைக்க இடுப்பை மிகவும் தாழ்த்தி உட்தொடையால் பனியைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் மகன் நீண்டகாலம் நிலைப்பாரா என்பதில் உயரத்தைவிட இடுப்புக்கே பெரிய பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

தோளில் பட்ட அடியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அது எப்போது பட்டிருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. எதிரணி பக்கை ஆழமாக மூலைக்கு அடித்துவிடுகிறது. டிஃபென்ஸ் வீரர் கோலை நோக்கித் திரும்பி, ஆட்டக்களத்துக்கு முதுகு காட்டியபடி அதைத் தேடி ஓடுகிறார். பின்னால் முழு வேகத்தில் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். இந்த விளையாட்டில் டிஃபென்ஸ் வீரர் மிக மோசமான அடிகளை வாங்கும் இடம் இதுதான். இங்கே மூன்று விடயங்கள் அவரைக் காப்பாற்றும், மூன்றுமே கற்றுக்கொள்ளக்கூடியவை. பக்கை அடைவதற்கு முன்னர் குறைந்தது இருமுறை தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும்: துரத்துபவர் எந்தப் பக்கமாக வருகிறார் என்பதை முதற்பார்வையும், தன் துணைவீரர் எங்கே நிற்கிறார் என்பதை இரண்டாம் பார்வையும் சொல்லும். சுவருக்கு மூன்று நான்கு அடி தொலைவில் நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் அங்கே மோதப்பட்டால் உடல் பறந்துபோய்ச் சுவரில் விழும். சுவரோடு ஒட்டியிருந்தால் அதன் வலு அகலமாகப் பரவிவிடும். பக்கை நேராக அணுகாமல் சற்று வளைந்து வந்து, தொடுவதற்கு முன்பே உடலைப் பாதி திருப்பியிருக்க வேண்டும். ஹியூஸ் ஆடுவதை உங்கள் மகன் பார்க்கும்போது அவருடைய கைவேகத்தை விட்டுவிட்டு, பக் வருமுன் அவருடைய தலை எத்தனை முறை திரும்புகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அவர் மீது மோத வருபவருக்கு அவர் அங்கே இருப்பதே இல்லை. சிறிய டிஃபென்ஸ் வீரரின் முதற்கவசம் அதுவே.

அடுத்தது துணைவீரர். டிஃபென்ஸ் வீரர்கள் இருவர் இருவராகவே களமிறங்குகிறார்கள் என்பதை மறந்துவிட்டுத் தனியொருவரின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறோம். ரஃபால்ஸ்கி நியூ ஜேர்சியில் ஸ்கொட் ஸ்டீவன்ஸுடனும் டிட்ரொயிட்டில் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமுடனும் ஆடினார். ஸ்பர்ஜன் பல ஆண்டுகள் ரயன் சூட்டருடன் இணைந்திருந்தார். குரூக்கின் பக்கத்தில் பொஸ்டனில் 6 அடி 5 அங்குல பிராண்டன் கார்லோ நின்றார். கோல் முன்னால் ஆட்களைக் கட்டுப்படுத்தும் ஒருவரும் பக்கை வெளியே எடுத்துச் செல்லும் ஒருவரும் சேர்ந்தால் இருவருக்குமே பாரம் குறைகிறது. பயிற்றுநரிடம் உங்கள் மகனின் நிலையை மாற்ற வேண்டுமா என்று கேட்பதற்கு முன், அவரை யாரோடு இணைத்து ஆடவிடுகிறீர்கள் என்று கேளுங்கள்.

உயரத்தைப் பற்றி இப்போது தெளிவாகச் சொல்கிறேன். பெற்றோரின் உயரங்களைக் கூட்டி, ஆண்பிள்ளையானால் 13 சென்டிமீற்றர் சேர்த்து, இரண்டால் வகுப்பது குழந்தை வைத்தியர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு. உங்கள் வீட்டுக்கு அது ஏறத்தாழ 170 சென்டிமீற்றர், அதாவது 5 அடி 7 அங்குலம் என்று வருகிறது. இதற்கு மேலும் கீழும் எட்டரை சென்டிமீற்றர் வரை வேறுபடலாம் என்பதால், பெரும்பாலும் 5 அடி 4 அங்குலத்துக்கும் 5 அடி 10 அங்குலத்துக்கும் இடையில் அவர் நிற்பார். ஹியூஸின் உயரம் இந்த எல்லையின் மேல் விளிம்பில்தான் இருக்கிறது. 5 அடி 8 அங்குலத்துக்குக் கீழே தேசிய லீக்கில் நிலைத்த டிஃபென்ஸ் வீரர்கள் மிக அரிதானவர்கள். இதை உங்களிடமிருந்து மறைப்பது மகனுக்கு நன்மை செய்யாது. அதே வேளையில், பல்கலைக்கழக அணி, ஐரோப்பிய லீக்குகள், மேஜர் ஜூனியர் எனத் தேசிய லீக்குக்குக் கீழே இந்த விளையாட்டில் நல்ல படிகள் பல உண்டு. மேஜர் ஜூனியர் எனப்படும், பதின்ம வயதின் பிற்பகுதியினருக்கான ஒன்ராறியோ ஹொக்கி லீக் போன்றவற்றில் ஆடியவர்களையும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் 2025 முதல் ஏற்றுக்கொள்வதால், தாமதமாக வளரும் ஒரு பையனுக்குக் காலமும் சற்று நீண்டிருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியைக் கொண்டு வகுக்கப்படுகிறது. நவம்பரில் பிறந்த உங்கள் மகன் ஜனவரியில் பிறந்தவரோடு, பத்து மாத வளர்ச்சியைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு மோதுகிறார். ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக பதின்மூன்றரை வயதுக்கும் பதினான்குக்கும் இடையில் வருகிறது, சிலருக்கு இன்னும் பிந்துகிறது. இடதுகை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் வழி ஒன்று உண்டு. லேன் ஹட்சன் தெரிவுக்கு முன்னர் தன் எலும்பு வளர்ச்சி பிந்தியிருக்கிறது, இன்னும் உயர இடமிருக்கிறது என்று கூறும் வைத்தியரின் கடிதத்தை அணிகளிடம் கொடுத்தவர். இந்தச் சோதனை தேவையா என்பதைக் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். வளர்ச்சி ஊசியை மட்டும், வைத்தியர் ஓமோன் குறைபாடு என்று கண்டறிந்தால் அன்றி, நினைக்கவே வேண்டாம். அது ஒரு நோய்க்கான மருந்து; உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலிலும் இருக்கிறது. உறவினரின் அக்கறையை நான் குறை கூறவில்லை. ஆனால் ஆரோக்கியமாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் உடலில் அந்த ஊசிக்கு வேலை இல்லை.

நிறையைக் கூட்டும் ஆசைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தார். அவரும் சிறிய டிஃபென்ஸ் வீரர். ஒரே கோடையில் பாரம் தூக்கி 20 பவுண்ட் கூட்டியிருந்தார். எல்லோரும் பாராட்டினார்கள். பருவம் தொடங்கியதும் அவருடைய முதல் மூன்று எட்டுகள் மெதுவாகிவிட்டன, திரும்பும் வேகமும் குறைந்தது, நவம்பருக்குள் இரண்டு தொடையிடுக்குகளிலும் தசை கிழிந்து ஆறு கிழமை உட்கார நேர்ந்தது. அவரைக் காப்பாற்றி வந்தது வேகம். அதை விற்று நிறையை வாங்கியிருந்தார். உங்கள் மகனுக்கும் ஏற்கனவே தொடையிடுக்கில் பிடித்திருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேசிய லீக் வீரர்களை வைத்து 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், உட்தொடைத் தசையின் வலு வெளிப்புறத் தசையின் வலுவில் 80 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு இந்தக் காயம் ஏற்படும் வாய்ப்பு 17 மடங்கு இருந்தது. இந்த விகிதத்தை ஓர் இயன்மருத்துவர் சிறிய கருவியொன்றால் சில நிமிடங்களில் அளந்துவிடுவார். முதலில் அதை அளந்து, குறைவாயிருந்தால் சரிசெய்யுங்கள். நிறை அதன் பின்னர், உயரும் வேகம் தணிந்த பிறகு, தானாகக் கூடட்டும். கோடையில் மூன்று மாதமாவது ஸ்கேட்டைக் கழற்றிவைத்து உதைபந்தாட்டமோ நீச்சலோ பட்மின்டனோ ஆட விடுங்கள், ஏனென்றால் எலும்பு வளரும் வயதில் ஆண்டு முழுவதும் ஸ்கேட் செய்யும் பிள்ளைகளின் தொடையெலும்புத் தலையில் மேடு உருவாகி இடுப்பு மூட்டு இடிபடும் நிலை அதிகம் காணப்படுகிறது. சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம்: காலைப் பயிற்சிக்குப் பின் முட்டையோ மீனோ பயறோ சேர்ந்த ஒரு முழு வேளைச் சாப்பாடும், குளிர்காலத்தில் வைத்தியர் சொல்லும் அளவு வைற்றமின் டியும் போதும்.

உடல்மோதலைக் கண்டு நீங்கள் அஞ்சுவதில் தவறில்லை. 11, 12 வயதினரில் உடல்மோதல் அனுமதிக்கப்பட்ட அல்பேர்ட்டாவில், அனுமதிக்கப்படாத கியூபெக்கைவிடக் காயங்கள் மூன்று மடங்குக்கும் அதிகம் என்பதை 2010 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹொக்கி கனடா 2013 இல் அந்த வயதினருக்கு அதைத் தடை செய்தது. இப்போது உங்கள் மகன் முதன்முறையாக அதைச் சந்திக்கிறார், எனவே இந்த முதலாண்டு பழகும் காலம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலும் உடனே வெளியே எடுக்க வேண்டும், வைத்தியரின் அனுமதியின்றித் திரும்பக் கூடாது என்பது ஒன்ராறியோவின் ரோவன் சட்டம். ஆட்டம் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலையை மாற்றுவது பற்றி என் கருத்து: இந்தப் பருவத்தில் வேண்டாம். முன்கள வீரராக ஆடினால் அடி குறையும் என்பதற்கு உறுதி இல்லை. சுவரோரத்தில் பாஸ் வாங்குபவரும் கோல் முன்னால் நிற்பவரும் வாங்கும் அடி குறைந்ததன்று. ஐந்து ஆண்டுகளாக முழு ஆட்டத்தையும் முன்னால் வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணை, அவர் மிக வேகமாக வளரப் போகும் நேரத்தில், வேறு இடத்துக்கு மாற்றினால் இருப்பதும் குழம்பும். பயிற்றுநரின் கவலையையும் நான் மதிக்கிறேன். அடுத்த ஆண்டு பிறந்தநாளுக்குள் அவருடைய உயரம் எவ்வளவு கூடுகிறது, தொடையிடுக்கு ஆறுகிறதா, மூலையில் வாங்கும் அடிகள் குறைகின்றனவா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அவரிடம் தன்மையாகச் சொல்லுங்கள்.

அதற்கிடையில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த நான்கு ஆட்டங்களையும் கைபேசியில் பதிவு செய்து, வீட்டில் மகனோடு அமர்ந்து, அவர் பக்கை எடுக்க மூலைக்கு ஓடிய ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தார், அடி வாங்கினாரா இல்லையா என்று ஒரு தாளில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் சுவரில் உயரத்தை அளந்து அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தொடையிடுக்கை இந்தக் கிழமையே ஓர் இயன்மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் அளந்து தரும் அந்த விகிதத்தையும் சேர்த்து, மார்ச் மாதம் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.